பத்தாயிரம் ரூபாய் தள்ளுபடிக்கு நான்கு மாதம் காத்திருந்தேன்

2024 அக்டோபர் 10, ஆயுத பூஜைக்கு முந்தின நாள். கோவை கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடையில் மேக்புக் ஏர் வாங்கினேன். எம்3 சிப், 8 ஜிபி மெமரி, 256 ஜிபி சேமிப்பு. பட்டியல் விலை 1,14,900 ரூபாய். பண்டிகைத் தள்ளுபடியாகப் பத்தாயிரம் கழித்து 1,04,900 என்று பில் போட்டார்கள். மறுநாள் பூஜையில் பெட்டியைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தேன். ஜூன் மாதத்திலிருந்து காத்திருந்து வாங்கியது. மனது நிறைந்திருந்தது.

வீட்டிலிருந்தபடியே பக்க வடிவமைப்பு செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, புதுமனைப் புகுவிழா அழைப்பிதழ், பள்ளி ஆண்டு மலர், கும்பாபிஷேக மலர் எல்லாம் வரும். எனக்கு லேப்டாப் என்பது தையற்காரருக்கு மெஷின் மாதிரி. பழைய லேப்டாப்பின் பேட்டரி அந்த மே மாதம் உப்பி டச்பேடைத் தூக்கிவிட்டது. ரிப்பேர் செய்பவர் பேட்டரியைக் கழற்றி எடுத்துவிட்டு, "இனி சார்ஜர்லயே ஓட்டிக்கங்க, ஆனா ரொம்ப நாள் தாங்காதுங்க" என்றார். அப்போதே புதிது வாங்கியிருக்கலாம், பணமும் இருந்தது. ஆனால் ஜூன் மாதத்தில் போய் முழு விலை கொடுப்பதா, நாலு மாதம் பொறுத்தால் தீபாவளித் தள்ளுபடி வந்துவிடுமே என்று நினைத்தேன். வீட்டில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொன்னார்கள்.

அந்த நாலு மாதமும் கரண்ட் போனால் லேப்டாப்பும் போகும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில் வேலையே கிடையாது. ஆவணி முகூர்த்தங்களுக்கு வந்த பத்திரிகை வேலைகளில் இரண்டை வேறு ஒருவருக்குத் திருப்பிவிட்டேன். 64 பக்கக் கோயில் மலர் ஒன்று வந்தது. படங்கள் அதிகம், பழைய மெஷின் தாங்காது என்று அதையும் விட்டேன். அந்த மலர் ஒன்றுக்கே 18,000 ரூபாய் பேசியிருந்தார்கள். இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்னால் நான் போட்டுப் பார்க்கவே இல்லை. கையிலிருந்து போகாத பணம் நமக்குச் செலவாகவே தெரிவதில்லை.

அப்புறம் அக்டோபர் 30 வந்தது, தீபாவளிக்கு முந்தின நாள். ஆப்பிள் தன் புதிய மேக்புக் ப்ரோக்களை அறிவித்தபோது, எம்2, எம்3 ஏர் இரண்டும் இனி 16 ஜிபி மெமரியோடுதான் தொடங்கும், விலை மாறாது என்றும் சேர்த்து அறிவித்தது. அதாவது நான் வாங்கி இருபதே நாளில், அதே 1,14,900 ரூபாய்க்கு இரண்டு மடங்கு மெமரி. அதற்கு முன்பு வரை 8 ஜிபியை 16 ஆக்கிக்கொள்ளக் கூடுதலாக 20,000 ரூபாய் ஆகும். நான் மிச்சப்படுத்தியது பத்தாயிரம், கோட்டைவிட்டது இருபதாயிரம் பெறுமானம். இந்த மாடல்களில் பிறகு மெமரியைக் கூட்டிக்கொள்ளவும் வழியில்லை, சிப்போடு சேர்ந்தே வருவது. வாங்கும்போது என்ன இருக்கிறதோ கடைசிவரை அதுதான்.

இதில் நிறுவனத்தைக் குறை சொல்ல எதுவும் இல்லை. விலையை ஏற்றாமல் மெமரியைக் கூட்டியது வாங்குபவர்களுக்கு நல்ல காரியம். கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. அந்த மாதக் கடைசியில் புதிய மேக்குகள் வரப்போகின்றன என்ற பேச்சு அப்போதே பரவலாக இருந்தது, பத்து நிமிடம் தேடியிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். நான் எந்தத் தேதியில் எவ்வளவு தள்ளுபடி என்று மட்டும் பார்த்தேன். அந்த மாடலுக்கு என்ன வயது, அடுத்தது எப்போது வரும் என்று பார்க்கவில்லை.

2025 மார்ச்சில் எம்4 ஏர் வந்தது. 16 ஜிபி மெமரி, தொடக்க விலை 99,900. பண்டிகை இல்லை, தள்ளுபடி இல்லை, வங்கி அட்டை நிபந்தனையும் இல்லை. என் தள்ளுபடி விலையைவிட 5,000 ரூபாய் குறைவாக, என்னுடையதைவிட நல்ல மெஷின். இன்றும் பெரிய மலர் வேலை வந்தால் பிரௌசரையும் வாட்ஸ்அப்பையும் மூடிவிட்டுத்தான் பக்கம் வடிவமைக்கும் இன்டிசைனையும் ஃபோட்டோஷாப்பையும் சேர்த்துத் திறக்கிறேன். திறந்தே வைத்திருந்தால் மெமரி காட்டும் பட்டை மஞ்சளாகிவிடும், ஒவ்வொரு பக்கமும் தயங்கித் தயங்கி வரும்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண் நான் காத்திருந்த அதே 2024இல் கல்லூரியில் சேர்ந்தாள். மாணவர்களுக்கான கல்வி விலையில் நான் வாங்கிய அதே எம்3 மாடலை ஜூன் கடைசியில் வாங்கினார்கள். விலை 1,04,900. கல்லூரி திறக்கும் காலத்துச் சலுகையில் ஏர்பாட்ஸும் சேர்ந்து வந்தது. நான் நாலு மாதம் காத்திருந்து பெற்ற விலை அவளுக்கு முதல் நாளே கிடைத்தது. கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளும், ஆசிரியர் வேலையில் இருப்பவர்களும் தீபாவளியை நினைப்பதற்கு முன்னால் இந்த விலையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பல பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

இனி அந்தப் பத்தாயிரத்துக்கு வருகிறேன். அதுவும் முழுதாகக் கைக்கு வரவில்லை. குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டில் தவணை போட்டால்தான் அந்தத் தள்ளுபடி. "நோ காஸ்ட் இஎம்ஐ மேடம், வட்டியே கிடையாது" என்றார் விற்பனைப் பையன். அவர் தெரிந்தே தவறாகச் சொன்னதாக நான் நினைக்கவில்லை, அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அப்படி. வட்டியில்லாத் தவணை என்ற பெயரில் நடப்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே தடுத்துவிட்டது. இப்போது நடப்பது வேறு விதம். வங்கி வழக்கம்போல வட்டி போடுகிறது. அந்த வட்டித் தொகையைப் பொருளின் விலையில் முன்கூட்டியே கழித்துவிடுகிறார்கள். கூட்டிக் கழித்தால் பொருளின் விலைதான் வரும் என்பது உண்மை. ஆனால் வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அது நம் தலையில். ஆறு மாதத் தவணையில் என் வட்டி ஏறத்தாழ 4,400 ரூபாய், அதற்கு வரி 800. வங்கியின் செயல்முறைக் கட்டணம் 199, அதற்கும் வரி. ஆக ஆயிரம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது, அட்டைக் கணக்கை வரிவரியாகப் படித்தபோதுதான் தெரிந்தது.

இதிலிருந்து ஒரு நல்ல விஷயமும் கிடைத்தது. தவணைக்காரருக்காக யாரோ 4,400 ரூபாயை விட்டுக் கொடுக்கிறார்கள் என்றால், மொத்தமாகப் பணம் கொடுப்பவர் அதைக் கேட்டுப் பார்க்கலாமே. சில கடைகளில் தர முடியாது என்பார்கள், அந்தக் கழிவை வங்கியோ கம்பெனியோ கொடுப்பதாக இருக்கும். சில கடைகளில் தருவார்கள். அதன் பிறகு கணினியோடு இணைத்துப் படம் வரையும் வரைபலகை ஒன்று வாங்கியபோது, "இஎம்ஐ வேண்டாங்க, முழுசா இப்பவே கட்டிடறேன், என்ன போட்டுத் தருவீங்க?" என்று மட்டும் கேட்டேன். விலையில் 7 சதவீதம் குறைத்தார்கள். அந்த மாடல் வெளிவந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, விலை அதுவரை அசையவே இல்லை, எனக்கு அந்த வாரமே தேவைப்பட்டது. ஏழு சதவீதம் சின்னதுதான். ஆனால் அதற்காக நான் எதையும் இழக்கவில்லை, ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை. அந்த மாதிரிச் சின்னத் தள்ளுபடியை நான் முழு மனதோடு வாங்கிக்கொள்வேன்.

விலை உயர்ந்த பொருட்களில் ஐந்து, எட்டு, பத்து சதவீதம் என்று குறைவாகத்தான் கிடைக்கிறது என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. நல்ல பிராண்டின் புது மாடலில் கடைக்காரருக்கு நிற்கும் லாபமே கொஞ்சம். அதில் முப்பது சதவீதம் குறைகிறது என்றால் முதலில் காரணத்தைக் கேட்க வேண்டும். ஒன்று, அந்த மாடல் வெளியே போகப்போகிறது. இல்லையென்றால், எந்த விலையிலிருந்து முப்பது என்பதில் விஷயம் இருக்கிறது.

இரண்டாவதற்கு எங்கள் வீட்டிலேயே உதாரணம் உண்டு. கணவர் வேலை விஷயமாக அடிக்கடி சேரன் எக்ஸ்பிரஸில் சென்னை போய் வருவார். இரைச்சலைத் தடுக்கும் சோனி ஹெட்போன், டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5, ஒன்று வேண்டும் என்று ஒரு ஜூன் மாதம் முடிவு செய்தார். அவரும் தீபாவளிக்குக் காத்திருந்தார். விற்பனை நாளில் திரையில் '34,990, இப்போது 24,990, 29 சதவீதம் தள்ளுபடி' என்று வந்தது. பத்தாயிரம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டார். ஆனால் அந்த 34,990 என்பது பெட்டியில் அச்சடித்த எம்ஆர்பி. 2022இல் இந்த ஹெட்போன் இந்தியாவுக்கு வந்தபோதே அறிமுக விலை 26,990தான். ஜூனில் நாங்கள் பார்த்தபோதும் ஏறக்குறைய அதே விலைதான் இருந்தது. அப்படியானால் உண்மையான தள்ளுபடி 2,000 ரூபாய், ஏழரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு.

எம்ஆர்பி என்பது இதற்கு மேல் விற்கக் கூடாது என்ற வரம்பு. அன்றாடம் விற்கிற விலை அதுவல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. விலையைக் குறைத்திருப்பதாக ஒரு கடை அறிவித்தால், அதற்கு முந்தைய முப்பது நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையை ஒப்பிட்டுத்தான் காட்ட வேண்டும். இங்கேயும் அப்படி ஒன்று வர வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். வரும்வரை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அமேசான் இந்தியாவின் பழைய விலைகளைக் கீப்பா என்ற தளம் வரைபடமாகக் காட்டுகிறது. பத்து விநாடி வேலை. அதுவும் வேண்டாம் என்றால் என் மாமியார் செய்வதைச் செய்யலாம். தங்கம் வாங்க நினைத்துவிட்டால் அவர் தினசரிக் காலண்டர் தாளில் அன்றைய விலையைக் குறித்துக் கிழிக்காமல் வைப்பார். எதையாவது வாங்க வேண்டும் என்று தோன்றிய நாளிலேயே அதன் விலையை நானும் அப்படிக் குறித்துவைக்கிறேன். பிறகு திரையில் எத்தனை சதவீதம் போட்டாலும் அந்தத் தாளில் இருக்கும் எண்ணோடுதான் ஒப்பிடுவேன்.

அந்த 2,000 ரூபாய்க்காக அவர் காத்திருந்தது சரியா? ஜூன் முதல் அக்டோபர் வரை நாலு மாதம், மாதத்துக்கு 500. அந்த ஹெட்போனை மாதம் 500 ரூபாய்க்கு வாடகைக்குத் தருகிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால் எடுத்திருப்பீர்களா என்று கேட்டேன். "கண்டிப்பா எடுத்திருப்பேன், எத்தனை ராத்திரி ரயில்ல தூங்காம வந்திருக்கேன்" என்றார். அப்படியென்றால் ஜூனிலேயே வாங்கியிருக்க வேண்டும். என் லேப்டாப்புக்கு இதே கணக்கைப் போட்டால் மாதம் 2,500 ரூபாய். ஒரு கல்யாணப் பத்திரிகை வேலை அதைவிட அதிகம் தரும். கிடைக்கும் தள்ளுபடியைக் காத்திருக்கும் மாதங்களால் வகுத்துப் பார்க்கும் இந்த வழி எனக்கு ரொம்ப உதவுகிறது. சதவீதமாகப் பார்த்தால் எல்லாமே லாபமாகத் தெரியும். மாதத்துக்கு இத்தனை ரூபாய் என்று பார்த்தால், நமக்கு அந்தப் பொருள் எவ்வளவு தேவை என்பது உடனே புரிந்துவிடுகிறது.

காத்திருப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. காத்திருந்து ஜெயித்ததும் எங்கள் வீட்டில் நடந்தது. திருப்பூரில் இருக்கும் அண்ணன் 55 இஞ்ச் ஓஎல்இடி டிவி வாங்க நினைத்திருந்தார். 2025 ஆடி கடைசி. ஜவுளிக் கடைகளின் ஆடித் தள்ளுபடி இப்போது டிவி, ஃபிரிட்ஜ் கடைகளுக்கும் வந்துவிட்டதே, அப்படி ஒரு கடையில் 1,28,000 ரூபாய் டிவிக்கு ஆறாயிரம் கழிவு சொல்லியிருந்தார்கள்.

"அம்மிணி, ஞாயித்துக்கிழமையோட ஆஃபர் முடியுதாம். முன்பணம் கட்டிரட்டுமா?" என்று போன் செய்தார்.

"இருங்கண்ணா, இப்ப இருக்கிற டிவி நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது. பெருசா வாங்கலாமேன்னுதான்."

"அப்ப தீபாவளி வரைக்கும் பொறுங்க. வரி குறையும்னு பேசிக்கிறாங்க."

ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் தன் சுதந்திர தின உரையில், தீபாவளிக்குள் ஜிஎஸ்டியில் பெரிய மாற்றம் வரும் என்று சொல்லியிருந்தார். 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு அப்போது 28 சதவீத வரி. இந்த டிவி அந்த மாற்றத்துக்குள் வருமா என்று அன்று உறுதியாகத் தெரியாது. ஆனால் அண்ணனுக்கு அவசரம் இல்லை. காத்திருப்பதில் அவர் இழப்பது எதுவும் இல்லை. எனக்கு ஜூனில் இருந்த நிலைமைக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது. செப்டம்பர் 22, நவராத்திரி தொடங்கிய நாள் முதல் பெரிய டிவிகளுக்கும் ஏசிக்கும் வரி 28இலிருந்து 18 ஆனது. பத்து சதவீதம் வரி குறைந்ததால் விலையும் பத்து சதவீதம் குறையும் என்று அண்ணன் எதிர்பார்த்தார். அப்படி வராது. வரி இல்லாமல் ஒரு லட்சம் என்றால் முன்பு 1,28,000, இப்போது 1,18,000. விலையில் குறைவது 7.8 சதவீதம்தான். இந்தக் கணக்கைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். அங்கே ஒட்டியிருந்த விளம்பரத்தில் 'பண்டிகைச் சலுகை 16,000' என்று இருந்தது. அதில் பத்தாயிரம் அரசாங்கம் குறைத்த வரி, கடை குறைத்தது ஆறாயிரம். பிரித்துக் கேட்டோம், அவர்களும் மறுக்கவில்லை. ஆடியில் சொன்ன அதே ஆறாயிரம்தான். 1,12,000 ரூபாய்க்கு வாங்கினார். ஆடியில் வாங்கியிருந்தால் 1,22,000.

அதே நேரம் ஃபோனுக்கும் லேப்டாப்புக்கும் இந்த வரிக்குறைப்பு கிடையாது, அவை முன்பும் 18 சதவீதம்தான், இப்போதும் அதுதான். ஆனால் அந்த வாரம் எங்கே பார்த்தாலும் 'வரி குறைந்தது, வாங்குங்கள்' என்ற பேச்சாகவே இருந்ததால், ஃபோன் வாங்கப் போனவர்களும் அதற்கும் குறைந்துவிட்டதாக நினைத்தார்கள். என் தோழி ஒருத்தி அப்படித்தான் நினைத்தாள்.

ஃபோன் வாங்குபவர்கள் பார்க்க வேண்டிய தேதி வேறு. 2024 செப்டம்பரில் ஐபோன் 16 வந்ததும் ஐபோன் 15இன் விலை 79,600இலிருந்து 69,900 ஆனது. பன்னிரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். எந்த அட்டையும் தேவையில்லை, இத்தனை நாளுக்குள் என்ற கெடுவும் இல்லை. ஆகஸ்டில் ஐந்து சதவீதம் கழிவு என்று மகிழ்ந்து வாங்கியவர்கள் சில வாரம் பொறுத்திருந்தால் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் மிச்சமாகியிருக்கும். டிவியில் புது மாடல்களை ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் காட்டுவார்கள், நம் கடைகளுக்குக் கோடையை ஒட்டி வரும். போன வருட டிவியே போதும் என்பவர்கள் அந்த நேரத்தில் கடைக்குப் போய்ப் பேரம் பேசலாம். பழைய சரக்கு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

இன்னொன்று. தள்ளுபடி நாளில் வாங்கினாலும் பெட்டியின் ஒட்டுத்தாளில் இருக்கும் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், அதை அச்சிட வேண்டும் என்பது சட்டம். மாடல் எண்ணை எழுத்து எழுத்தாகப் பாருங்கள், கடைசி ஓரெழுத்து மாறினால்கூட உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிறைய இடங்களில் எலக்ட்ரானிக்ஸுக்குப் பணம் திரும்ப வராது, பொருளை மாற்றித் தருவார்கள், அதுவும் சில நாட்களுக்குள் சொன்னால்தான்.

இப்போது மகள் படம் வரையப் பழகுகிறாள், ஐபேட் கேட்கிறாள். அவசரம் ஒன்றும் இல்லை, என் பழைய வரைபலகை அவளுக்கு இன்னும் ஒரு வருடம் போதும். அவள் கேட்ட அன்றைய விலையைக் காலண்டர் தாளில் எழுதி, கீழே அந்த மாடல் எப்போது வந்தது என்றும் எழுதி, சமையலறைக் கதவின் பின்னால் ஒட்டியிருக்கிறேன். வாரம் ஒருமுறை அவளே விலையைப் பார்த்துப் பக்கத்தில் எழுதிவைக்கிறாள். இதுவரை ஒன்பது எண்கள் சேர்ந்திருக்கின்றன. அதில் ஏழு ஒரே எண்.